பழைய ரேடியேட்டருக்குப் புதுப் பெயிண்ட்: நீர்வகை எனாமல், இரண்டு குளிர்காலங்களுக்குப் பிறகு

கிழக்கு லண்டனில் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீட்டில் அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் மொத்தம் 7 இருக்கின்றன. அவற்றில் ஆறு தகட்டை அழுத்திச் செய்த சாதாரண வகை. முன்னறையில் இருக்கும் ஏழாவது மட்டும் வார்ப்பிரும்பு. பாகத்துக்கு நான்கு தூண்கள் வீதம் பத்துப் பாகங்களை வரிசையாகக் கோத்துச் செய்தது, இரண்டு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத கனம். வீட்டை வாங்கிய நாளில் ஏழும் ஒரே நிறத்தில்தான் இருந்தன. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்து, சூட்டிலும் புழுதியிலும் பழுத்துப்போன, பழைய பல்லின் நிறம் அது. சுவர்களுக்குப் புது வெள்ளை அடித்த பிறகு அந்த மஞ்சள் இன்னும் உறுத்தியது. புது ரேடியேட்டர்கள் வாங்கிப் பொருத்துவதற்கு ஆகும் செலவைக் கேட்ட பிறகு, பெயிண்ட் அடித்தே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய கோடையில் அடித்தேன். நடுவில் இரண்டு குளிர்காலங்கள் முழுவதுமாகக் கடந்துவிட்டன. ஆகவே இப்போது என்னால் தயக்கமின்றிச் சொல்ல முடியும்: ரேடியேட்டருக்கென்றே விற்கும் நீர்வகை எனாமல் கொடுத்த காசுக்குத் தகுந்த பொருள். ஆனால், துருவின் மேலும் வெற்று இரும்பின் மேலும் நேரடியாகப் பூசலாம் என்று அந்த டின்னின் மேல் அச்சிட்டிருக்கும் ஒரு வரியை மட்டும் நம்பி வேலையைத் தொடங்கக் கூடாது.

இந்தக் கருவியோடு பழக்கமில்லாதவர்களுக்காகச் சிறிது சொல்லிவிடுகிறேன். குளிர்நாட்டு வீடுகளில் பாய்லர் ஒன்று தண்ணீரைச் சூடாக்கி, பம்பின் உதவியால் குழாய்கள் வழியே ஒவ்வோர் அறைக்கும் அனுப்புகிறது. அந்த வெந்நீர் அறையில் இருக்கும் இரும்புக் கூட்டுக்குள் புகுந்து வெளியேறும்போது தன் சூட்டை அறைக்குக் கொடுத்துவிட்டுப் போகிறது. அந்த இரும்புக் கூடுதான் ரேடியேட்டர். உள்ளே ஓடும் நீரின் வெப்பம் பெரும்பாலான வீடுகளில் 60 முதல் 75 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அக்டோபர் தொடங்கி ஏப்ரல் வரை தினம் இரண்டு மூன்று முறை சூடேறி ஆறும் இந்த இரும்பு ஒவ்வொரு முறையும் சிறிது விரிந்து சுருங்குகிறது. கதவுக்கும் ஜன்னலுக்கும் அடிக்கும் சாதாரண எண்ணெய் எனாமலை இதன் மேல் அடித்தால் முதல் குளிர்காலம் முடிவதற்குள் அது மஞ்சளாகிவிடும். அதிலுள்ள ஆல்கிட் பிசினின் இயல்பு அது. வெளிச்சம் படாத இடத்தில், அதாவது சோபாவுக்குப் பின்னாலும் திரைச்சீலையின் அடியிலும், இன்னும் விரைவாக மஞ்சளாகும். எங்கள் வீட்டில் முன்பு குடியிருந்தவர்கள் அதைத்தான் அடித்திருந்தார்கள் என்பது என் ஊகம்.

எந்த நிறுவனத்தின் டின் என்பதை இங்கே எழுதவில்லை. பெரிய கட்டடச் சாமான் கடை எதற்குப் போனாலும் ரேடியேட்டர் எனாமல் என்று நான்கைந்து டின்கள் வரிசையில் நிற்கும். அவற்றுள் எதை எடுப்பது என்று தீர்மானிப்பது முன்பக்கத்துப் பெயர் இல்லை; பின்பக்கத்துச் சிறிய எழுத்து. பிரஷைத் தண்ணீரில் கழுவலாம் என்று போட்டிருந்தால் அது நீர்வகை, அக்ரிலிக் பிசினால் ஆனது. டர்பென்டைன் போன்ற வைட் ஸ்பிரிட் என்ற கரைப்பானில் கழுவச் சொன்னால் அது கரைப்பான் வகை. நான் எடுத்தது 750 மில்லி கொண்ட நீர்வகை டின், சாட்டின் எனப்படும் மிதமான பளபளப்புள்ள பூச்சு, விலை 22 பவுண்டு. பளபளப்பான பூச்சை வேண்டுமென்றேதான் தவிர்த்தேன், ஏனென்றால் பழைய வார்ப்பிரும்பின் மேற்பரப்பில் இயல்பாகவே இருக்கும் மேடுபள்ளத்தையும் முந்தைய பூச்சுகளின் வடுக்களையும் பளபளப்பு எடுத்துக்காட்டும், சாட்டின் அடக்கிவைக்கும்.

இந்த வேலைக்கு உரிய காலம் மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை. ரேடியேட்டர் முற்றிலும் ஆறியிருக்க வேண்டும் என்பது ஒரு காரணம். சூடான இரும்பில் பட்டவுடன் பெயிண்டில் உள்ள நீர் ஆவியாகிவிடுவதால், பிரஷ் இழுத்த கோடுகள் பரவிச் சமமாக நேரமின்றி அப்படியே உறைந்துவிடும். அறை மிகவும் குளிர்ந்திருக்கவும் கூடாது என்பது இன்னொரு காரணம். 10 டிகிரிக்குக் கீழே நீர்வகைப் பெயிண்ட் சரியாகப் படலம் கட்டாது. குளிர்காலத்தில் ஹீட்டிங்கை நிறுத்திவிட்டு அடிக்கலாம் என்று நினைப்பவர் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார். ஜூன் மாதத்தில் ஜன்னல்களைத் திறந்துவைத்துக்கொண்டு அடிப்பதே எல்லா வகையிலும் நல்லது.

வேலையின் பெரும்பகுதி பெயிண்ட் டின்னைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. என் கணக்கில் வார்ப்பிரும்பு ரேடியேட்டருக்கு மூன்று நாள் ஆனது. அதில் இரண்டு நாளுக்கு மேல் சுத்தம் செய்வதிலும் தேய்ப்பதிலும் போயிற்று. தூண்களுக்கு நடுவில் பல ஆண்டுப் புழுதி சமையல் எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து சாம்பல் நிறக் கம்பளி போலப் படிந்திருந்தது. வேக்குவம் கிளீனரின் குறுகிய முனை நுழையாத இடத்தில் ஒரு பழைய வேட்டியைக் கிழித்து நாடாவாக்கி, தூண்களுக்கு ஊடே விட்டு, இரண்டு முனைகளையும் பிடித்து மாறி மாறி இழுத்தேன். தயிர் கடையும் மத்தின் கயிற்றை இழுப்பது போன்ற அந்த அசைவுக்கு எந்தக் கடைக் கருவியும் ஈடாகவில்லை. அதன் பிறகு இந்த நாட்டுப் பெயிண்டர்கள் சுகர் சோப் என்று அழைக்கும், காரத்தன்மையுள்ள கழுவும் பொடியை வெந்நீரில் கரைத்துக் கழுவி, இரண்டு முறை வெறும் நீரால் துடைத்து உலரவிட்டேன். பிசுக்கு எஞ்சியிருக்கும் இடத்தில் எந்த பெயிண்டும் ஒட்டாது.

இப்போது எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய ரேடியேட்டரின் மேலுள்ள பூச்சில் ஈயம் இருக்கலாம். 1960-களுக்கு முன் பூசிய பெயிண்டுகளில் ஈயம் மிகச் சாதாரணம். பிரிட்டனில் பொதுமக்களுக்கு ஈயப் பெயிண்ட் விற்பதைத் தடை செய்ததே 1992-இல்தான். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கான தடை 1978-இல் வந்தது. உலர்ந்த உப்புத்தாளால் அந்தப் பூச்சைத் தேய்த்தால் எழும் தூசி கண்ணுக்குத் தெரியாமல் அறை முழுவதும் படியும். தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் குழந்தைக்கு அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. எங்கள் இளைய மகளுக்கு அப்போது இரண்டு வயது. ஆகவே முதலில் ஈயச் சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கினேன். பூச்சில் அடிவரை தெரியும்படி கத்தியால் சாய்வாக ஒரு கீறல் போட்டேன். உள்ளே ஐந்து நிறங்கள் மரத்தின் வளையங்களைப் போல அடுக்கடுக்காகத் தெரிந்தன: மேலே மஞ்சளித்த வெள்ளை, அதன் கீழே கிரீம், பிறகு பாசிப் பச்சை, ஒரு பழுப்பு, அடியில் சாம்பல். சோதனைக் குச்சியின் பஞ்சை அந்தக் கீறலில் வைத்து அழுத்தியபோது, சாம்பலும் பழுப்பும் தொட்ட ஓரம் சில விநாடிகளில் இளஞ்சிவப்பாக மாறியது. ஈயம் இருந்தது.

ஈயம் இருப்பதாகத் தெரிந்தால் பதற வேண்டியதில்லை, ஆனால் வேலை செய்யும் முறையை மாற்றியே ஆக வேண்டும். நன்றாக ஒட்டியிருக்கும் பழைய பூச்சை முழுவதுமாக உரித்தெடுக்க முயலாமல் அப்படியே விட்டு, மேலே புதுப் பூச்சு கொடுத்து மூடிவிடுவதே பாதுகாப்பான வழி. சொரசொரப்பாக்குவதற்காக மட்டும் தேய்க்க வேண்டும்; அதையும் ஈரமாகத் தேய்க்க வேண்டும். நம் ஊரில் கார் பட்டறைகளில் வாட்டர் பேப்பர் என்று சொல்வார்களே, அந்தக் கறுப்புத் தாளே இதற்கு உரியது. சோப்பு நீரில் நனைத்து, 120 எண் தாளால் ஒரு முறையும் 240 எண் தாளால் ஒரு முறையும் தேய்த்தேன். தூசி பறக்காமல் சேறாக வழிந்தது. அதை உடனுக்குடன் ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியையும் தாளையும் கீழே விரித்திருந்த பிளாஸ்டிக் விரிப்போடு சேர்த்துச் சுருட்டிப் பையில் கட்டி, வீட்டுக் குப்பையோடு கலக்காமல் உள்ளூராட்சி மன்றத்தின் குப்பைக் கிடங்கில் கேட்டுக் கொடுத்தேன். நுண்ணிய தூசியை வடிகட்டும் எஃப்எஃப்பி3 தர முகமூடி அணிந்துகொண்டேன். குழந்தைகளும் மனைவியும் அந்த மூன்று நாளும் முன்னறைப் பக்கமே வரவில்லை. ஹீட் கன்னால் சூடாக்கி உரிப்பதையோ மின்சாரச் சாண்டரால் தேய்ப்பதையோ ஈயப் பூச்சின் மேல் யாரும் செய்யக் கூடாது. வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால், அல்லது பூச்சு முழுவதும் செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தால், இந்த வேலையை நீங்களே செய்யாமல் பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள்.

அடுத்து, டின்னின் மேல் எழுதியிருந்த அந்த ஒரு வரிக்கு வருகிறேன். தேய்த்து முடித்தபோது ஏழெட்டு இடங்களில் பூச்சு போய் இரும்பு வெளியே தெரிந்தது. உலோகத்தின் மேல் நேரடியாகப் பூசலாம், பிரைமர் என்ற அடிப்பூச்சு தேவையில்லை என்று டின் உறுதி கூறியதால், மாலையில் முதல் கோட்டை அப்படியே அடித்துவிட்டுப் படுக்கப் போனேன். காலையில் வந்து பார்த்தபோது, இரும்பு தெரிந்த இடங்களில் எல்லாம் வெள்ளையின் ஊடாகக் கடுகளவு பழுப்புப் புள்ளிகள் கசிந்து நின்றன. நீர்வகைப் பெயிண்டில் இருக்கும் தண்ணீரே வெற்று இரும்பில் பட்டு, பெயிண்ட் உலர்வதற்குள் துருவை உண்டாக்கிவிடுகிறது. மேலே இன்னொரு கோட் அடித்தால் மறைந்துவிடும் என்று நினைத்து அடித்தேன். அதற்கும் மறுநாள் அதே புள்ளிகள், சற்று வெளிறி, அதே இடங்களில் மேலே வந்தன. கடைசியில் அந்த இடங்களை மட்டும் மீண்டும் தேய்த்து எடுத்து, துருத் தடுப்பு பிரைமர் கொடுத்து, மறுபடி இரண்டு கோட் அடிக்க வேண்டியதாயிற்று. ஒரு நாள் வீணானதோடு, ஈயப் பூச்சு இருக்கும் இரும்பை இரண்டாம் முறை தேய்க்க வேண்டி வந்ததுதான் எனக்கு மிகுந்த வருத்தம்.

இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். பொங்கலுக்கு முன்பு ஜன்னல் கம்பிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் எந்தப் பெயிண்டரும் முதலில் ரெட் ஆக்சைடு பூசாமல் எனாமலைத் தொடமாட்டார்; இரும்பென்றால் அடியில் ஒரு காவல் வேண்டும் என்பது சிறுவயதிலிருந்து பார்த்துப் பழகிய செய்தி. அதே ரெட் ஆக்சைடை இங்கும் பயன்படுத்தலாம், ஆனால் அந்தச் செங்கல் நிறத்தை வெள்ளையால் மூட மூன்று கோட்டுக்குக் குறையாமல் வேண்டும். ரேடியேட்டருக்கு வெள்ளை அல்லது சாம்பல் நிறத் துருத் தடுப்பு பிரைமரே வசதி. பிறகு மாடியறை ரேடியேட்டர்களுக்கு நான் பயன்படுத்தியது ஜின்சர் 123 என்ற நீர்வகை பிரைமர். பழைய எனாமலின் மேலும் சுத்தமான இரும்பின் மேலும் அது நன்றாகப் பிடித்துக்கொண்டது. புள்ளி ஒன்றுகூட மேலே வரவில்லை. வெற்று இரும்பு தெரியும் இடங்களில் மட்டும் கொடுத்தால் போதும் என்பதால் சிறிய டின்னே மீந்துபோகிறது.

இனி டின்னுக்குள் இருக்கும் பொருளின் நல்ல குணங்கள். வாசனை மிகக் குறைவு. அடித்த அன்று இரவே பக்கத்து அறையில் குழந்தைகள் தூங்க முடிந்தது. ஒரு மணி நேரத்துக்குள் கையில் ஒட்டாத அளவு உலர்ந்து, ஐந்தாறு மணி நேரத்தில் அடுத்த கோட்டுக்குத் தயாராகிறது. இரண்டு கோட்டில் அந்தப் பழைய மஞ்சள் முற்றிலும் மறைந்தது. 750 மில்லி டின்னில் வார்ப்பிரும்பு ரேடியேட்டருக்கும் இரண்டு தகட்டு ரேடியேட்டர்களுக்கும் இரண்டிரண்டு கோட் அடித்த பிறகும் கால் பங்கு எஞ்சியது. இங்கே ஓர் எச்சரிக்கை: வார்ப்பிரும்பு ரேடியேட்டரை முன்னால் நின்று பார்த்து அதன் பரப்பை மதிப்பிடக் கூடாது. ஒவ்வொரு தூணுக்கும் சுற்றிலும் பக்கங்கள் இருப்பதால் உண்மையான பரப்பு கண்ணுக்குத் தெரிவதைப் போலப் பல மடங்கு.

விரைவாக உலர்வதே இதன் குறையும்கூட. கரைப்பான் வகை எனாமல் அடித்த பிறகு நெடுநேரம் ஈரமாக இருந்து, பிரஷ் கோடுகள் தாமாகவே பரவிச் சமமாகிவிடும். நீர்வகையில் அந்த அவகாசம் கிடையாது. அடித்த இடத்தை இரண்டு நிமிடம் கழித்துத் திரும்பித் தொட்டால் பிரஷின் தடம் பள்ளமாக நின்றுவிடும். ஆகவே ஒரு தூணை எடுத்தால் மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். நான் பின்பற்றிய வரிசை இது: முதலில் பின்பக்கமும் தூண்களின் உட்பக்கங்களும், நீண்ட கம்பியின் முனையில் வளைந்திருக்கும் ரேடியேட்டர் பிரஷால், அடுத்து பக்கவாட்டு முனைகள், கடைசியில் முன்பக்கம், ஓர் அங்குல சாதாரண பிரஷால். சுவரைப் பார்த்திருக்கும் பின்பக்கத்தில் கை போகும் தூரம் வரை அடித்தால் போதும், அதை யாரும் குனிந்து பார்க்கப்போவதில்லை.

தூண்கள் கீழே ஒன்றுசேரும் வளைவில்தான் இந்த வேலையின் தரம் தெரியும். மேலே அடித்த பெயிண்ட் மெல்ல இறங்கி, அந்த வளைவின் அடியில் சொட்டாகத் திரண்டு தொங்கும். அடிக்கும்போது மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது படாது. கால் மணி நேரத்துக்கு ஒரு முறை தரையில் படுத்து, கைவிளக்கை அடித்துப் பார்த்து, காய்ந்த பிரஷின் நுனியால் ஒவ்வொரு சொட்டையும் தொட்டு எடுத்தேன். நான் தவறவிட்ட மூன்று சொட்டுகள் மறுநாள் வெளியே தோல் கட்டி, நகத்தால் அழுத்தினால் உள்ளே தயிர் போலக் குழைந்தன. அப்படிப்பட்டதை உடனே வெட்டி எடுக்கக் கூடாது. இரண்டு வாரம் விட்டு உள்வரை இறுகிய பிறகு கூரிய பிளேடால் சீவி, தேய்த்து, அந்த இடத்தை மட்டும் தொட்டுப் பூச வேண்டும்.

பெயிண்ட் படக் கூடாத இடங்கள் மூன்று. வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வால்வின் தலையைக் கழற்றி வைத்துவிட வேண்டும், உள்ளேயிருக்கும் ஊசியில் பெயிண்ட் பட்டால் அது சிக்கிக்கொள்ளும். குழாய் இணைப்பு நட்டுகளின் மேல் மாஸ்கிங் டேப் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் பிறகு ஸ்பேனர் வைத்துத் திருகும்போது பூச்சு முழுவதும் உரிந்து வரும். காற்றை வெளியேற்றும் சிறிய திருகையும் அதன் பக்கத்திலுள்ள ஊசித்துளையையும் மூட வேண்டும், ஏனென்றால் அந்தத் துளை அடைபட்டால் உள்ளே சேரும் காற்றை வெளியேற்ற வழியில்லாமல் ரேடியேட்டரின் மேல்பாதி குளிர்ந்தே கிடக்கும்.

தகட்டு ரேடியேட்டர்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நான்கு அங்குல ஸ்பான்ஞ் ரோலரால் முகப்பையும், பிரஷால் ஓரங்களையும் அடித்தால் ஒன்றுக்கு அரை மணி நேரம். பின்னாலுள்ள சுவருக்கும் பெயிண்ட் அடிக்க வேண்டியிருந்தால் மட்டும் சுவரிலிருந்து கழற்றுவது பயன் தரும். அப்போது இரண்டு பக்க வால்வுகளையும் மூட வேண்டும்; நீரின் அளவைச் சமன்செய்யும், மேலே தொப்பி போட்டிருக்கும் வால்வு எத்தனை சுற்றில் மூடியது என்பதைக் குறித்துக்கொண்டு, திரும்பப் பொருத்தும்போது அதே சுற்றுகள் திறக்க வேண்டும். அதைக் குறிக்க மறந்தால் ஓர் அறை கொதித்து இன்னோர் அறை குளிரும். இணைப்பைத் தளர்த்தும்போது வெளிவரும் தண்ணீர் மை போலக் கறுப்பாக இருக்கும். வெளிர்நிறக் கம்பளத்தில் ஒரு சொட்டு விழுந்தாலும் போகாது என்பதால் அகலமான பாத்திரமும் பழைய துண்டுகளும் தயாராக இருக்கட்டும். குளியலறை ரேடியேட்டரின் அடி ஓரத்தில் துரு தெரிந்தால், அது வெளியீரத்தால் வந்ததா, உள்ளிருந்து அரித்து வந்ததா என்று பாருங்கள். ஒரு காகிதத்தை வைத்து அழுத்தினால் ஈரம் ஊறினால் தகடு உள்ளிருந்து ஓட்டை விழுந்துவிட்டது. அதற்கு எந்தப் பெயிண்டும் மருந்தாகாது, ரேடியேட்டரையே மாற்றத்தான் வேண்டும்.

நிறத்தைப் பற்றி ஒரு கேள்வி எப்போதும் வரும்: கறுப்பு அடித்தால் சூடு அதிகம் வருமா, வெள்ளை அடித்தால் குறையுமா? ரேடியேட்டரின் வெப்பநிலையில் வெளிவருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். அதைப் பொறுத்தவரை கறுப்பு, வெள்ளை, பச்சை எல்லாமே ஏறத்தாழ ஒன்றுதான். விலக்கு ஒன்றே ஒன்று: அலுமினியம் அல்லது வெண்கலத் துகள் கலந்த வெள்ளி, தங்க நிறப் பெயிண்டுகள். அந்த உலோகத் துகள்கள் கதிரை வெளியே விடாமல் தடுக்கின்றன. அமெரிக்காவின் தேசியத் தரநிலைப் பணியகம் 1930-களிலேயே இதை அளந்து அறிவுறுத்தியிருக்கிறது. கவனிக்க வேண்டியது கடைசிக் கோட்டை மட்டுமே. அடியில் பழைய வெள்ளிப் பூச்சு இருந்தால் அதை உரித்தெடுக்க வேண்டியதில்லை, மேலே சாதாரணப் பெயிண்ட் அடித்தாலே இழந்த சூடு திரும்பிவிடும். பழைய தோற்றத்துக்காக வெள்ளி நிறம் விரும்புபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யட்டும். குளிரும் அறைக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, மாடிப்படி ஓரத்து ரேடியேட்டர் ஒன்றுக்குக் கரைப்பான் வகை எனாமலை அடித்தேன். நேர்மையாகச் சொன்னால், அடித்த வாரத்தில் அதுதான் அழகாக இருந்தது. கண்ணாடி போல வழவழப்பாக, ஒரு பிரஷ் கோடும் இல்லாமல். ஆனால் அதன் நெடி நான்கு நாள் வீட்டை விட்டுப் போகவில்லை. அக்டோபரில் முதல் முறை சூடேறியபோது மீண்டும் ஒரு வாரம் அந்த நெடி எழுந்தது. இரண்டாவது குளிர்காலத்தின் முடிவில் அதன் பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்துப் பார்த்தேன். வெண்ணெய் நிறத்துக்குப் போயிருந்தது. அதே காகிதத்தை நீர்வகை அடித்த முன்னறை ரேடியேட்டரின் பக்கத்தில் பிடித்தால் வேறுபாடு தெரியவில்லை. ஸ்ப்ரே டின்னையும் முயன்றேன்; அறைக்குள் வைத்து அடிப்பதற்கு அது ஏற்றதே அல்ல. மூன்று அடி தள்ளியிருந்த திரைச்சீலையில் வெள்ளைத் தூள் படிந்ததைப் பார்த்து நிறுத்திவிட்டேன். ரேடியேட்டரைக் கழற்றித் தோட்டத்துக்குக் கொண்டுபோக முடிபவர்களுக்கு மட்டும் அது பயன்படும்.

பட்டறைக்கு அனுப்பி மணல் வீச்சால் இரும்பு தெரியும்வரை உரித்து, மின்னேற்றிய பொடியைத் தூவி அடுப்பில் சுட்டெடுக்கும் பவுடர் கோட்டிங் முறை எல்லாவற்றிலும் சிறந்தது, பல ஆண்டுகள் நிலைக்கும் என்பதில் ஐயமில்லை. தகட்டு ரேடியேட்டருக்கு அந்தச் செலவைச் செய்வதற்குப் புதிதே வாங்கிவிடலாம். வேலைப்பாடு மிகுந்த வார்ப்பிரும்பு ரேடியேட்டரைப் பாட்டன் சொத்தைப் போலப் பாதுகாக்க நினைப்பவர்களுக்கு அது தகும்.

குறைகளில் எஞ்சியிருப்பது ஒன்று. நீர்வகை எனாமல் தொட்டால் உலர்ந்ததாகத் தெரிந்தாலும், முழு இறுக்கம் பெற இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்கிறது. லண்டனின் குளிர்காலத்தில் துணி காய வேறு இடம் ஏது? ஈரச் சீருடைகளை ரேடியேட்டரின் மேல் போடுவது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். மாடியில் இரண்டு ரேடியேட்டர்களை நான் செப்டம்பர் கடைசியில்தான் அடித்தேன். பத்தாம் நாள் ஹீட்டிங் போட்டவுடன் மூத்தவனின் பள்ளி ஸ்வெட்டரை ஒன்றின் மேல் விரித்துவிட்டோம். காலையில் எடுத்தபோது கம்பளியின் பின்னல் அப்படியே வெள்ளையில் அச்சாகப் பதிந்திருந்தது, இன்றும் இருக்கிறது. ஜூனில் அடித்தவற்றின் மேல் அந்தக் குளிர்காலம் முழுவதும் துணி போட்டும் ஒரு தடம்கூட விழவில்லை. முதல் முறை சூடேற்றும்போது எடுத்த எடுப்பில் உச்சத்துக்குக் கொண்டுபோகாமல், குறைந்த சூட்டில் ஒரு மணி, நடுத்தரச் சூட்டில் ஒரு மணி என்று படிப்படியாக ஏற்றுவது பூச்சுக்கு நல்லது. அப்போது மெல்லிய வாசனை வரும், ஜன்னலைத் திறந்துவைத்தால் ஒரு மாலைப்பொழுதில் போய்விடும்.

மொத்தச் செலவைக் கணக்கிட்டால், ஏழு ரேடியேட்டர்களுக்கும் எனாமல் இரண்டு டின், பிரைமர் ஒரு சிறிய டின், வளைந்த பிரஷ், ரோலர், வாட்டர் பேப்பர், ஈயச் சோதனைப் பெட்டி, முகமூடிகள் எல்லாம் சேர்த்து 100 பவுண்டைத் தாண்டவில்லை. இதில் குறைக்கக் கூடாதவை கடைசி இரண்டும்தான்.

எஞ்சிய பெயிண்டை வைத்திருங்கள். நாற்காலி உரசியும் குழந்தைகளின் பொம்மைக் கார் மோதியும் ஆண்டுக்கு இரண்டு மூன்று இடங்களில் பூச்சு பெயரும். அன்றைக்கே ஒரு துளி தொட்டு வைத்தால் துரு ஏறாது. மூடியின் ஓரத்தைத் துடைத்து இறுக அடைத்து, வீட்டுக்குள் படிக்கட்டின் அடியில் வையுங்கள். தோட்டத்துக் கொட்டகையில் வைத்த என் இரண்டாவது டின் ஜனவரியில் உறைந்து, திறந்தபோது திரிந்த பாலைப் போலக் கட்டி கட்டியாக இருந்தது. எவ்வளவு கலக்கியும் சேரவில்லை.